ஈயச் சிப்பாய்க்கு எந்த வருடம்?

நேற்று ராத்திரி ஊற்றிய ஒன்பது பொம்மை உருவங்களில் நான்குக்குக் கை வரவில்லை. ஒன்றுக்கு மூக்கு மழுங்கிவிட்டது. மீதி நான்கு தேறின. பதினோரு மாதத்துக்கு முன்பு இப்படி ஆகியிருந்தால் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். இப்போது ஒன்பதுக்கு நான்கு என்பது நல்ல ராத்திரிக் கணக்கு.

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் அச்சுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஈயச் சிப்பாய்களை வாங்கி வர்ணம் அடிப்பது பத்து வருடப் பழக்கம். சொந்தமாக வார்த்து, சின்னத் தொகுப்பாக விற்றால் என்ன என்று போன தீபாவளிக்குப் பிறகு ஆசை வந்தது. அச்சு தெரியும், உலோகம் பழகிக்கொள்ளலாம், வர்ணம் கைவந்தது. இதில் கஷ்டம் எது என்று கேட்டிருந்தால் வார்ப்புதான் என்று சொல்லியிருப்பேன். உண்மையில் ஐந்து மாதத்தைத் தின்றது வேறொரு கேள்வி: எந்தக் காலத்துச் சிப்பாயைச் செய்வது?

வாத்தியார் மாமாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் பாடம் நடத்தியவர். "சோழனைச் செய்டா. ஃபெர்ரியில நின்னா குனோங் ஜெராய் தெரியுது. ராஜேந்திரன் 1025-ல வந்து அடிச்ச கடாரம் அந்த மலையடிதானே. இதைவிட என்னடா வேணும்?"

நியாயமான பேச்சுதான். அந்த மலையடியில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய் மெர்போக் அருங்காட்சியகத்தையும் சண்டி புக்கிட் பத்து பஹாட் என்ற பழைய கோயிலையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மில்லிபுட் என்ற செதுக்கு மாவைப் பிசைந்து மூன்று வாரம் ஒரே ஆளைச் செதுக்கினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. சட்டை போட்டவனைச் செய்வது சுலபம், சட்டை போடாதவனைச் செய்வது நரகம். கோட்டு, குறுக்கு வார், காலர் எல்லாம் கை தவறியதை மறைத்துவிடும். வெற்று மார்பில் தோள்பட்டை அரை மில்லிமீட்டர் இறங்கினாலும் ஆள் நோயாளி மாதிரி நிற்பான். என் சோழன் அப்படித்தான் நின்றான்.

அதைவிடப் பெரிய சிக்கல், என்ன உடுத்தினான் என்பது. கல்வெட்டில் படைப்பெயர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன: வேளைக்காரர், கைக்கோளர், குதிரைச்சேவகர். கோயில் சிற்பத்தில் இடைக்கச்சை, கொண்டை, கேடயம், குறுவாள் கிடைக்கின்றன. எந்தப் படைக்கு எந்த நிறத் துணி என்று மட்டும் சிற்பம் சொல்லாது. நான் சிவப்பு அடித்தால் சிவப்பு, பச்சை அடித்தால் பச்சை. வாங்குகிறவர் சினிமாவில் பார்த்த கவசத்தைத் தேடுவார், நான் இல்லை என்பேன், அவர் முகம் சுளிப்பார். சோழனை டப்பாவில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றினேன். மாமாவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

இந்தத் தொழிலின் முன்னோர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்தால் அங்கே வரலாற்று ஆசை குறைவு, கணக்கு அதிகம். லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பம் 1893-இல் உள்ளீடற்ற வார்ப்பைக் கொண்டுவந்தது. உருகிய காரீயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும் நடுவில் இருப்பதைத் திருப்பிக் கொட்டிவிடுவார்கள். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலை குறைவு. அவர்களுடைய முதல் தொகுப்பே லைஃப் கார்ட்ஸ் குதிரைப்படை, அதாவது லண்டன் பையன் தெருவில் கண்ணால் பார்த்த சிப்பாய். சட்டை விளிம்பின் நிறத்தை மாற்றினால் அதே உடம்பு வேறு ரெஜிமெண்ட் ஆகிவிடும். தென்னாப்பிரிக்காவில் போயர் போர் வந்ததும் அந்தச் சண்டைக்கான சிப்பாய்களை இறக்கினார்கள். முதல் உலகப்போர் முடிந்த பிறகு வீடுகளில் சிப்பாய் பொம்மை என்றாலே கசந்துபோனது, 1920-களில் பசுமாடும் வேலியும் பால்காரியுமாகப் பண்ணைத் தொகுப்பு போட்டார்கள். 1966 வாக்கில் காரீய பொம்மைக் காலமே பிரிட்டனில் முடிந்தது. ஆக, ஆர்டர் எங்கே வருகிறதோ அங்கேதான் அவர்களுடைய வரலாறு இருந்தது.

என் கணக்கும் அந்த மாதிரிதான். 54 மில்லிமீட்டர் உயரம், ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்கு. கெட்டியாக வார்த்தால் ஓர் உருவம் எழுபது கிராம் வருகிறது. காரீயத்தை வீட்டுக்குள் விடுவதில்லை என்று வீட்டுக்காரியிடம் சத்தியம் செய்திருப்பதால் வெள்ளீயம், கொஞ்சம் ஆண்டிமனி, துளி செம்பு. 1885-லிருந்து கோலாலம்பூரில் ராயல் செலாங்கூர் செய்யும் பியூட்டரும் இந்தக் கலவைக் குடும்பம்தான். தாத்தா ஈப்போ பக்கம் ஈயச்சுரங்கத்தில் தண்ணீரில் நின்று அலசியது, பேரன் பின்கட்டு கேஸ் அடுப்பில் உருக்குகிறேன், ரிங்கிட் கொடுத்து வாங்கி. அச்சு எடுக்கும் சிலிக்கான் ரப்பர் ஒரு கிலோவில் இரண்டு அச்சுதான் வரும். அதனால் ஓர் உடம்பு, மூன்று ஜோடிக் கை, நான்கு தலை என்று பிரித்துச் செய்தால் பன்னிரண்டு விதமான ஆள் கிடைப்பான். இதற்குச் சீருடை போட்ட காலம் வேண்டும். எதிராளியும் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் வாங்கி அலமாரியில் வைக்கிறவன் இரண்டாவது டப்பா கேட்கமாட்டான்.

நெப்போலியன் காலத்தைத் தொடவில்லை. உலகம் முழுக்க அதைச் செய்கிறார்கள், பொத்தான் எண்ணுகிற நிபுணர்கள் வேறு. இரண்டாம் உலகப்போருக்கு ஆதாரம் குவிந்து கிடக்கிறது, போட்டோவே இருக்கிறது. ஆனால் எங்கள் பெரியம்மா வீட்டு ஷோகேஸில் ஜப்பான்காரன் நிற்க முடியாது. அவருடைய அண்ணன் சயாம் மரண ரயில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதை அது. ரப்பர் தோட்டத்துப் பெண்கள் பலர் போய்ச் சேர்ந்த நேதாஜியின் ஜான்சி ராணிப் படையை, 1943-இல் சிங்கப்பூரில் தொடங்கியதை, என்றாவது செய்வேன். அது விற்பதற்கு இல்லை. மேலும் காக்கி மேல் காக்கி அடித்துக்கொண்டே இருந்தால் கண் செத்துப்போகும்.

பிறகு மாமாவே, சோழன் என்ன ஆனான் என்று விசாரிக்க வந்த இடத்தில், போகிற போக்கில் சொன்னார். "சின்ன மருது மவன் இங்கதாண்டா வந்து கெடந்தான்."

அடுத்த வாரம் முழுக்க ஷிஃப்ட் முடிந்து வந்து படித்ததெல்லாம் அதுதான். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் 1799-இல் தூக்கிலிட்டது எல்லாருக்கும் தெரியும். 1801 அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதும் தெரியும். அதற்குப் பிறகு, 1802 தொடக்கத்தில், பிடிபட்டவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி நாடு கடத்திய இடம் இந்தத் தீவு. கம்பெனிக்காரன் அப்போது இதை வேல்ஸ் இளவரசர் தீவு என்று கூப்பிட்டான். பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்து இறங்கி நிபோங் கம்புகளை நட்டு வேலி போட்ட கோட்டை முனையைத் தாண்டித்தான் இன்றைக்கும் நான் ஃபெர்ரிக்குப் போகிறேன். சின்ன வயதில் அந்தக் கோட்டைப் பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்திருக்கிறேன்.

காலம் அங்கேயே முடிவாகிவிட்டது: பாளையக்காரர் போர், 1801. ஒரு பக்கம் கம்பெனியின் மெட்ராஸ் சிப்பாய், சிவப்புக் கோட்டு, முழங்காலுக்கு மேல் நிற்கும் ஜாங்கியா, செருப்பு, துப்பாக்கி. சீருடை, எனவே அச்சு மிச்சம். எதிர்ப்பக்கம் பாளையத்து வீரன், வேட்டி, ஈட்டி, எறிந்து தாக்கும் வளரி. வெற்று மார்பு மறுபடியும் வந்து நின்றது. அதற்குள் கை கொஞ்சம் தேறியிருந்தது. இரண்டு டப்பாவிலும் நம் ஆட்கள்தான் என்பதை மாமாவிடம் சொன்னபோது அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அதாண்டா விஷயம்" என்றார், ரொம்ப நேரம் வேறொன்றும் சொல்லவில்லை.

இதில் வருடத்தைச் சரியாகப் பிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பது தலை செய்யும்போதுதான் தெரிந்தது. முதலில் செய்த சிப்பாய்த் தலைக்குத் தொப்பி மாதிரி வட்டமான தலைப்பாகை, முன்னால் தோல் குஞ்சம். ஒரு படத்தைப் பார்த்துச் செய்தது. அழகாகவும் இருந்தது. ஆனால் அந்தத் தலைப்பாகைதான் 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் ரத்தம் ஓடியதற்குக் காரணம். 1805 கடைசியில் வந்த உத்தரவு: புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும், தாடியை மழிக்க வேண்டும், சீருடையில் இருக்கும்போது நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது. என்னுடைய ஆள் 1801-இல் நிற்கிறான். அவனுக்கு அந்தத் தலைப்பாகை வந்தே சேரவில்லை. நான்கு தலையையும் உடைத்துப் போட்டேன்.

புதுத் தலைக்குப் பழைய கட்டு, மீசை, கடுக்கன். கடுக்கனுக்கு மிக மெல்லிய செம்புக் கம்பியின் நுனியைச் சூடாக்கிக் காதுமடலில் ஒரு பொட்டு. விபூதிதான் உயிரை வாங்கியது. நெற்றியின் அகலம் நான்கு மில்லிமீட்டர் இருக்கும். மூன்று கோடு. ஐந்து சைபர் என்கிற மிக மெல்லிய தூரிகையில் வெள்ளை வர்ணம் எடுத்தால் நுனியிலேயே காய்ந்துபோகிறது, தண்ணீர் சேர்த்தால் பரவி நெற்றி முழுக்கச் சுண்ணாம்பு. கடைசியில் வழி இப்படி வந்தது: நெற்றி முழுக்க வெளிர்ச் சாம்பல் அடித்துக் காயவிட்டு, மேலே தோல் நிறத்தால் இடைவெளிக் கோடுகளைப் போடுவது. அதாவது விபூதியை வரைவதில்லை, விபூதி இல்லாத இடத்தை வரைவது. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் ஒரு தலைக்கு இருபது நிமிடம்.

ஈட்டியில் வேறு கூத்து. இந்த மண்ணின் வீரர்களைப் பற்றி ஆங்கிலேயர் எழுதி வைத்ததில் பதினெட்டு அடி ஈட்டி வருகிறது. என் அளவில் அது 17 சென்டிமீட்டர். ஆள் ஐந்தரை, ஈட்டி பதினேழு. வெள்ளீயத்தில் வார்த்தால் துவண்டுவிடும், அதனால் பித்தளைக் கம்பி. டப்பாவுக்குள் அடங்கவில்லை. கம்பியைத் தனியாக வைத்து, கையில் துளை விட்டுக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

வளரி நீளம் ஒன்றரை சென்டிமீட்டர், பிறை மாதிரி வளைவு, நுனி ஊசி. ஓங்கிய கையில் அது இருந்தால்தான் ஆளுக்கு உயிர். உலோகம் அந்த நுனிக்குப் போய்ச் சேர்வதற்குள் உறைந்துவிடுகிறது. நேற்றுக் கை வராத நான்கும் இந்த ஆட்களே. காற்று வெளியேற நுனியிலிருந்து முடி அளவுக்கு ஒரு வாய்க்கால் வெட்டினேன், அச்சை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றினேன், உள்ளே முகப்பவுடர் தூவித் தட்டினேன். மூன்றையும் சேர்த்துச் செய்தால் பாதிக்குப் பாதி வருகிறது. சூட்டைக் கூட்டினால் முழுசாக வரும், ஆனால் அச்சு தாங்காது.

அச்சு தாங்காததற்குக் கதை உண்டு. சூடு தாங்கும் சிலிக்கான் என்று சொல்லி ஒரு கடையில் என் தலையில் கட்டியது சாதாரணச் சரக்கு. ஆறாவது ஊற்றில் வழிவாய் கருகிப் பிளந்தது, வீடெல்லாம் நாற்றம். திருப்பிக் கேட்டால் "நீங்க ரொம்பச் சூடா ஊத்தியிருப்பீங்க" என்றார்கள். 232 டிகிரியில்தானே வெள்ளீயமே உருகுகிறது, அதற்குக் கீழே எப்படி ஊற்றுவது? வாக்குவாதத்தில் பலனில்லை. நூற்றுச்சொச்சம் ரிங்கிட் போனது.

இப்போது எட்டுச் சிப்பாய், ஆறு பாளையத்தான் வர்ணம் முடிந்து நிற்கிறார்கள். வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே மொகமா இருக்கு" என்றாள். அச்சு மிச்சம் பிடிக்க மூன்றாம் தலையை இரண்டு பக்கத்துக்கும் போட்டிருந்தேன். மாற்றப் போவதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. அந்தப் போரில் கம்பெனிப் பக்கம் சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பிற்பாடு எழுதிய நினைவுக் குறிப்பில், 1818-இல் இந்தத் தீவில் துரைசாமியைப் பார்த்ததைச் சொல்கிறார். சின்ன மருதுவின் மகன். தூத்துக்குடியில் கப்பலேறும்போது இளைஞன், பதினாறு வருடத்தில் உடல் தளர்ந்து அடையாளமே மாறிப்போனவன். இந்தத் தொகுப்புக்கு அந்த ஆள் கணக்கில் சரிவரமாட்டான். சீருடை இல்லை, ஆயுதம் இல்லை, வேறு தலை மாட்ட முடியாது, ஓர் அச்சில் ஓர் ஆள்தான். டப்பாவில் போட்டால் யார் வாங்குவார் என்றும் தெரியவில்லை.

ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை மில்லிபுட்டில் அவனைச் செய்துவிட்டேன். தோள் இறங்கியிருக்கிறது, இந்த முறை வேண்டுமென்றே. அலமாரிக்கு மேலே இருந்த சோழனை இறக்கி, அந்தத் தோளைத்தான் பார்த்துச் செதுக்கினேன். நல்ல சிலிக்கான் முந்நூறு கிராம் மிச்சம் இருந்தது, ஓர் ஆளுக்கான சின்ன அச்சுக்குச் சரியாக இருந்தது. அச்சின் இரண்டாம் பாதியை இன்று காலையில்தான் ஊற்றினேன். நாளைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து பிரிக்க வேண்டும்.