கட்டில் கட்டிலாக ஒரு டிக்

விடுதியில் விளக்கணைக்க இன்னும் பத்து நிமிடம். கூடத்தின் மாணவர் தலைவனான பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வருகைப் பதிவேட்டோடு கட்டில் கட்டிலாக நடந்துகொண்டிருந்தான்.

பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, முகத்தைப் பார்த்து, ஒரு டிக்.

வாசலில் நின்று பேர் வாசித்தால் இல்லாதவனுக்கும் யாராவது ‘உள்ளேன்’ சொல்லிவிடுவான். முகம் பார்த்தால்தான், போர்வைக்குள் அழுகிற புதுப் பையனும் கண்ணில் படுவான்.

தலைமை பழகுவது இங்கேதான் தொடங்குகிறது; மேடைப் பேச்செல்லாம் இதற்கு அப்புறம்தான்.

24 பேர் உள்ள கூடத்தில் ஆறு ஆறாக நாலு குழு, வாராவாரம் வேலை சுழலும். காகிதத்தில் சுலபம். மூன்றாவது வாரமே கழிவறை முறை சின்னப் பசங்களிடம் போய் நின்றுவிடும். தலைவனின் நண்பர்களுக்கு ஜன்னல் துடைக்கிற வேலை. பட்டியலைச் சுவரில் ஒட்டி, முதல் வாரக் கழிவறைக்கு நேராகத் தலைவன் பெயரையே எழுதிவிட்டால் முணுமுணுப்பு அடங்கும்.

இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் அர்னால்டு, மூத்த மாணவர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தார். தண்டிக்கும் அதிகாரமும் கூடவே போனது. அந்த மரபில் அடிவாங்கிய சின்னப் பிள்ளைகள் கொஞ்சமா?

மாணவர் தலைவன் எண்ணிக்கை எடுக்கட்டும், வேலை பிரிக்கட்டும், சண்டையில் இரண்டு பக்கமும் கேட்கட்டும். தண்டனை மட்டும் வார்டன் கையிலேயே இருக்கட்டும்.

வார்டனும் சத்தம் கேட்டதுமே ஓடிவந்து தீர்ப்பு சொல்லக்கூடாது. கைகலப்பு இல்லையென்றால் ஐந்து நிமிடம் பொறுக்கலாம்.

பதிவேடு எட்டு வாரத்துக்கு ஒருமுறை கைமாற வேண்டும். வருடம் முழுக்க ஒருவனே வைத்திருந்தால் மற்ற 23 பேரும் ‘அவன் பார்த்துக்குவான்’ என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள்.