இருப்புப் பதிவேட்டில் ஒரு பூங்கொத்து

எங்கள் தொழிற்சாலையின் இருப்புப் பதிவேட்டில் மேசை மின்விசிறிகளுக்கும் சுவர்க் கடிகாரங்களுக்கும் நடுவே ‘பிளாஸ்டிக் பூங்கொத்து – 1’ என்று ஒரு வரி இருந்தது. குஜராத்தின் வதோதரா நகரில், மகர்புரா தொழிற்பேட்டையில், இயந்திர உதிரிபாகங்கள் செய்த நிறுவனம் அது. 1988இல் கணக்குப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்த எனக்கு, ஆண்டுதோறும் மார்ச் இறுதியில் ஸ்டோர்ஸுக்குப் போய், பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் இருக்கிறதா என்று சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலையும் இருந்தது. பூங்கொத்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அதற்கு நேரே ஒரு குறி இட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவேன்.

அது பணி ஓய்வு விழாக்களுக்காக வாங்கப்பட்டது. ஓய்வு பெறுகிறவர் அன்று கோட்டு அணிந்து வர வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத விதி. கோட்டு இல்லாதவர்கள் ஏப்ரல், மே மாத வெயிலிலும் யாரிடமாவது இரவல் வாங்கி அணிந்து வருவார்கள். மேலாளர் ஆங்கிலத்தில் எழுதி வைத்த உரையைப் படிப்பார். எதிரே அமர்ந்திருந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் குஜராத்தி மட்டுமே அறிந்தவர்கள். ஆனாலும் அவ்வுரை குஜராத்தியில் படிக்கப்பட்டிருந்தால் தங்களுக்கு உரிய மரியாதை குறைந்துவிட்டதாக அவர்களே எண்ணியிருப்பார்கள். பிறகு பூங்கொத்தைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுப்பார்கள். படம் எடுத்து முடிந்ததும் ஸ்டோர்ஸ் பையன் அதை வாங்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்துவிடுவான்.

1995 ஏப்ரலில் தபால் அனுப்புகைப் பிரிவின் எழுத்தர் ஓய்வு பெற்றார். எல்லோரும் அவரை மோட்டாபாய் என்றுதான் அழைப்போம்; பெரியண்ணன் என்று பொருள். தோளில் சரியாக உட்காராத கோட்டுடன், பூங்கொத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் கேமராவைப் பார்த்து நின்றார். பையன் வந்து கை நீட்டியபோது அவர் கொடுக்கவில்லை. “இது எனக்கில்லையா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நான், “இல்லை மோட்டாபாய், கம்பெனிப் பொருள், பதிவேட்டில் இருக்கிறது” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டார். நான் சொன்னதில் பிழை எதுவும் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை.

மறு ஆண்டு ஒரு வழக்கு சம்பந்தமாகக் கோப்புகளுடன் தில்லிக்கு அனுப்பினார்கள். விசாரணை தள்ளிப் போனதால் ஒரு பிற்பகல் முழுவதும் கையில் இருந்தது. இந்தியா கேட்டுக்கு அருகில் ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீன ஓவியக் காட்சிக்கூடத்துக்குள் வெயிலுக்கு ஒதுங்கித்தான் நுழைந்தேன். அங்கே மோட்டாபாய் நின்றுகொண்டிருந்தார். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நடுவில் பெரிதாக ஒரு மனிதர், நேராக நம்மைப் பார்த்தபடி, விறைத்துப்போய், கையில் பூங்கொத்துடன் இருக்கிறார். அவரைச் சுற்றிலும் அவருடைய வாழ்க்கை சின்னச் சின்னக் காட்சிகளாக வரையப்பட்டிருக்கிறது. ‘பிளாஸ்டிக் பூங்கொத்துடன் ஒரு மனிதர்’ என்பது தலைப்பு. 1970களின் நடுவில் வரையப்பட்ட ஓவியம். வரைந்தவர் பூபேன் கக்கர், வதோதராக்காரர்.

எட்டு ஆண்டுகள் அதே ஊரில் இருந்தும் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. திரும்பி வந்ததும் விசாரித்தேன். 1934இல் பம்பாயில் பிறந்தவர். பட்டயக் கணக்கராகத் தேறியவர். 1962இல் வதோதராவுக்கு வந்து, மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் கலை விமர்சனம் பயின்றார். முறையாகத் தூரிகை பிடிக்கக் கற்றவர் அல்லர். ஓவியராக அறியப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் இந்த ஊரிலேயே ஒரு தொழிற்சாலையில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதினார். இந்தக் கடைசிச் செய்திதான் என்னை அசைத்தது. நான் உட்கார்ந்த நாற்காலியைப் போன்ற ஒரு நாற்காலியில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். நான் பார்த்த வவுச்சர்களையும் ரசீதுகளையும் அவரும் பார்த்திருக்கிறார்.

நுண்கலைத் துறை நூலகத்தில் ஒரு நண்பரின் உதவியால் அவருடைய பிற ஓவியங்களின் அச்சுப் படிகளைப் பார்த்தேன். ‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’, ‘டீலக்ஸ் டெய்லர்ஸ்’ இரண்டும் 1972இல் வரையப்பட்டவை. நாடு விடுதலை பெற்று அப்போது 25 ஆண்டுகள். பலகைகளில் இருக்கும் அந்தப் பெயர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். ‘ஜனதா’ என்றால் மக்கள், புதிய குடியரசு மேடைதோறும் முழங்கிய சொல். அதற்குப் பக்கத்தில், வந்தவர்கள் விட்டுப்போன ஆங்கிலம். சந்துக்குள் ஒரு தையல் இயந்திரத்தோடு பிழைப்பு நடத்தும் மனிதருக்கு ‘டீலக்ஸ்’ என்ற சொல் தேவைப்படுகிறது. வேறொருவர் வரைந்திருந்தால் அந்தப் பெயர்ப்பலகையோடு சிரித்துவிட்டு நகர்ந்திருப்பார். கக்கர் உள்ளே போகிறார். கடையின் சட்டகத்துக்குள் தன் வேலையில் ஆழ்ந்து தனியாக அமர்ந்திருக்கும் மனிதரையும், அவரைச் சுற்றியுள்ள பொருள்களையும், ஆண்டு இறுதியில் இருப்பு எடுப்பவரின் பொறுமையோடு ஒவ்வொன்றாகப் பதிகிறார். பதிவேட்டுக்காரர்களாகிய எங்களுக்கும் அந்தப் பொறுமை உண்டு. ஆனால் பொருளை எண்ணுகிறோமே தவிர, அதைப் பிடித்திருந்த கையைப் பார்ப்பதில்லை.

இந்த ஓவியங்களின் வேர் எனக்கு மிக அருகில் இருந்தது என்பது பின்னர்தான் புரிந்தது. என் சொந்த ஊர் தஞ்சாவூர். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் அங்கிருந்த ஓவியர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காகச் சாதி வாரியாகவும் தொழில் வாரியாகவும் மக்களை வரைந்து தொகுதிகளாகக் கொடுத்தார்கள். கையில் தொழிற்கருவியுடன் கணவன், பக்கத்தில் மனைவி என்று இணை இணையாக நிற்பார்கள். திருச்சியில் மைக்கா தகடுகளிலும் அத்தகைய படங்கள் வரையப்பட்டன. ஆளப்பட்டவர்களை ஆண்டவர்கள் அடையாளம் கண்டுகொள்ள உதவிய ஒருவகைப் பதிவேடு என்றுதான் அவற்றைச் சொல்ல வேண்டும். கம்பெனி ஓவியங்களின் அந்தச் சட்டகத்தைக் கக்கர் அறிந்தே எடுத்துக்கொண்டார். அதே நேர்நிலை, அதே அசைவின்மை, தொழிலே அடையாளம் என்ற அதே ஏற்பாடு. ஆனால் இப்போது நிற்பவர் நாவிதர், தையற்காரர், கடிகாரம் பழுது பார்ப்பவர்; அவர்களைப் பார்த்து வரைபவர் அவர்களுடைய தெருக்காரர். 1979இல் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, மதுக்கடையில் தனித்திருக்கும் ஓர் ஆங்கிலேயரையும் ஏறக்குறைய இதே முறையில், அவருடைய அன்றாட வாழ்வின் துணுக்குகள் சூழ வரைந்தார். தஞ்சை ஓவியருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

அவரை நையாண்டி ஓவியர் என்று எழுதுகிறார்கள். அச்சொல்லை மறுக்கவில்லை; கோட்டின் விறைப்பும் பிளாஸ்டிக்கின் பளபளப்பும் வரைபவரின் கண்ணுக்குத் தப்பவில்லை. குஜராத்தியில் அவர் எழுதிய கதைகளில் ஒன்று வெளிநாட்டுச் சோப்பைப் பற்றியது என்றால், அந்த மோகத்தை எவ்வளவு நெருங்கிக் கவனித்தார் என்பது விளங்கும். ஆனால் கோட்டு அணிந்தவரை மட்டும் நிறுத்திவிட்டு ஓவியர் ஒளிந்துகொள்ளவில்லை என்பதே எனக்கு முக்கியம். 1981இல் வரைந்த ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’ என்ற ஓவியத்தில், தந்தையும் மகனும் கழுதையும் என்று நாம் சிறு வயதில் கேட்ட கதை தெருவில் நடக்கிறது. அதை மாடியில் நின்று ஆடையின்றிப் பார்ப்பவர் அவரேதான். தன்பாலீர்ப்பு உடையவர் என்பதை மறைத்து வாழ்ந்த மனிதர், அந்தக் காலகட்டத்திலிருந்து அதை ஓவியத்திலேயே வெளிப்படையாக வைத்தார். ஊரின் பார்வைக்கு அஞ்சி விறைத்து நிற்பது எப்படியிருக்கும் என்பதை அவர் வெளியிலிருந்து ஊகித்திருக்கவில்லை. அதனால்தான் அந்தப் பூங்கொத்து மனிதரின் முகத்தில் சிரிப்பதற்கு எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

நான் அவரைச் சந்தித்ததில்லை. 2003 ஆகஸ்டில் அவர் வதோதராவில் இறந்தார். அப்போது நான் சென்னைக்கு மாறிவிட்டேன். 2016இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அவருடைய ஓவியங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது என்று படித்தபோது, அந்தக் கடிகாரக்காரர்களை லண்டன் மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நெடுநேரம் யோசித்தேன்.

தில்லியிலிருந்து திரும்பிய பிறகு வந்த மார்ச் கணக்கெடுப்பில், பூங்கொத்தை அலமாரியிலிருந்து முதல் முறையாக இறக்கிக் கையில் எடுத்தேன். பதினொரு ரோஜாக்கள், இரண்டு இலைகள் இல்லை. மடிப்புகளில் தூசி படிந்திருந்தது. அடியில் சுற்றியிருந்த வெள்ளிக் காகிதம் ஒரே இடத்தில் மட்டும், நான்கு விரல் அகலத்துக்கு, வெள்ளி முழுவதும் போய் உள்ளிருந்த பச்சை தெரிந்தது. என் கை தானாக அங்கேதான் போய்ப் பிடித்திருந்தது. “கழித்துவிடலாமா சார்?” என்று ஸ்டோர்ஸ் பையன் கேட்டான். மோட்டாபாயின் வீட்டு முகவரி தெரியுமா என்று அவனிடம் கேட்டேன்.