நட்சத்திரமிட்ட 61 பதிவுகளும் ஒரு பான் மி பர்கரும்

வலைப்பதிவுகளைப் படிக்க எட்டு வருடமாக வைத்திருந்த செயலியைப் போன ஞாயிற்றுக்கிழமை மாற்றினேன். அன்று இரவு சாப்பிட்ட பர்கரின் செய்முறை அந்த வேலைக்கு நடுவில்தான் கைக்கு வந்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பழைய செயலியின் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. பல வருடம் நன்றாக உழைத்தது. யார் எழுதினாலும், எழுதிய வரிசையில் வந்து நிற்கும். எனக்கு அது போதும். இந்த வருடம் அந்த வரிசையைக் கலைத்துவிட்டார்கள். திறந்ததும் 'உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை' என்று ஒரு பக்கம், அதில் நான் கேட்காத தளங்கள். நான் படிக்கும் ஒருவர் தன் அம்மாவின் மறதி நோயைப் பற்றி எழுதுபவர், வருடத்துக்கு இரண்டு மூன்று பதிவுதான். அவர் ஜனவரியில் எழுதியதை நான் மார்ச்சில் பார்த்தேன். அம்மா தன் பெயரை மறந்த நாளைப் பற்றிய பதிவு அது. அன்றே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இப்படி இடம் மாறுவது எனக்கு முதல் தடவை இல்லை. இதே வேலையைச் செய்த கூகுள் ரீடரை மூடப்போவதாக 2013 மார்ச் 13 அன்று அறிவித்தார்கள், ஜூலை 1 அன்று மூடினார்கள். அப்போது கற்றுக்கொண்டதுதான் ஓபிஎம்எல் கோப்பு. யார் யாரைப் பின்தொடர்கிறோம் என்கிற பட்டியல் முழுவதும் அந்த ஒரு சின்னக் கோப்பில் அடங்கிவிடும். பழைய செயலியில் ஏற்றுமதி, புதியதில் இறக்குமதி, அவ்வளவுதான். இந்த முறை நான் போனது நெட்நியூஸ்வயருக்கு. பிரெண்ட் சிம்மன்ஸ் என்ற நிரலாளர் 2002இல் தொடங்கியது. மேக், ஐபோன், ஐபேடில் மட்டும் ஓடும். இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ஒரு தளம் தன் புதிய பதிவுகளை இப்படிப்பட்ட செயலிகளுக்காக வெளியிடும் பட்டியலைத்தான் ஓடை என்பார்கள். என் 138 ஓடைகளும் கோப்புறை மாறாமல் இரண்டு நிமிடத்தில் வந்து உட்கார்ந்தன. பரிந்துரை கிடையாது, விளம்பரம் கிடையாது, புதியது மேலே.

ஆனால் ஓபிஎம்எல் கோப்பு பட்டியலை மட்டும்தான் சுமக்கும். பிடித்துப்போய் நான் நட்சத்திரம் போட்டு வைத்திருந்த பதிவுகள் அதில் வராது. ஓடையிலிருந்து திரும்ப எடுக்கலாம் என்றால், பெரும்பாலான ஓடைகளில் கடைசிப் பத்து இருபது பதிவுகள்தான் இருக்கும். ஆக, 61 பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, முகவரியை ஒரு குறிப்பேட்டில் ஒட்டினேன். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தது மதியம்வரை போனது. 17 பதிவுகள் இப்போது எங்கேயும் இல்லை. தளத்தின் பெயரை வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள், அல்லது வெற்றுப் பக்கம். செயலியை மாற்றுகிறீர்கள் என்றால் பட்டியலைவிட நட்சத்திரங்களை முதலில் பாருங்கள். பிடித்த பதிவைப் படித்த அன்றே முழுதாகச் சேமித்துவிடுங்கள்.

மீதி 44இல் ஒன்றுதான் அந்தப் பர்கர். பான் மி என்கிற வியட்நாமிய சாண்ட்விச்சில் இருக்கும் எல்லாவற்றையும் பர்கருக்குள் வைக்கும் செய்முறை. 2015இல் நட்சத்திரம் போட்டிருக்கிறேன், ஒரு நாளும் செய்ததில்லை. அதில் கொழுப்புள்ள பன்றிக் கொத்துக்கறியும் நிறைய மயோனைஸும் இருந்தன. எனக்கு இப்போது இரவில் அவ்வளவு கனமாக வேண்டாம்.

வியட்நாமிய மொழியில் பான் மி என்றால் முதலில் ரொட்டிதான். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த ரொட்டி, 1950களில் சைகோனில் இன்றைய சாண்ட்விச்சாக உருவெடுத்தது. அதற்குள் கறியும் ஈரல் விழுதும் இருந்தாலும், நாக்கில் முதலில் படுவது புளிப்பும் தழையும் காரமும்தான். அதனால் கொழுப்பைக் குறைத்தாலும் பான் மியின் சுவை போகாது என்று நம்பிக் களத்தில் இறங்கினேன்.

முதலில் ஊறவைக்கும் காய். வியட்நாமில் இதற்கு டோ சுவா என்று பெயர். கேரட் ஒன்று, வெள்ளை முள்ளங்கி ஒன்று, இரண்டையும் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுப் பிசையுங்கள். ஒரு துண்டை எடுத்து இரண்டு முனையும் தொடுமாறு வளைத்தால் உடையக் கூடாது. அதுவரை பிசைய வேண்டும். அலசிப் பிழிந்து, அரைக் கோப்பை அரிசி வினிகர், அரைக் கோப்பை வெந்நீர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை கலந்த நீரில் மூழ்கவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

கறிக்கு அரைக் கிலோ கோழித்தொடை கொத்துக்கறி எடுத்தேன். நெஞ்சுக்கறி வேண்டாம், உலர்ந்துவிடும். 200 கிராம் காளானைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் தண்ணீர் சுண்டும்வரை வதக்கி, ஆறவைத்துச் சேர்த்தேன். கொழுப்பு செய்யும் வேலையைக் காளான் செய்கிறது, ஈரம் உள்ளேயே நிற்கிறது. அப்புறம் எலுமிச்சைப்புல்லின் அடி வெள்ளைப் பகுதி பொடியாக ஒரு மேசைக்கரண்டி, பூண்டு இரண்டு பல், வெங்காயத்தாள், மிளகு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸ். நெத்திலியும் உப்பும் சேர்ந்து மாதக்கணக்கில் நொதித்த சாஸ் அது, அதனால் தனியாக உப்பு போடாதீர்கள். நான்கு தட்டைகளாக, அழுத்தாமல் தட்டி, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தேன். சர்க்கரை இருப்பதால் தீ மிதமாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கிவிடுங்கள்.

ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் ஏறத்தாழ 90 கலோரி. நான் நான்கு பர்கருக்கும் சேர்த்தே ஒரு கரண்டிதான் போட்டேன். கெட்டித் தயிர் நான்கு கரண்டி, மிளகாய் சாஸ், எலுமிச்சைச் சாறு சேர்த்ததும் மயோனைஸ் குறைந்ததே தெரியவில்லை. ரொட்டியின் உள் பஞ்சைக் கிள்ளி எடுத்தேன். அந்தப் பள்ளத்தில் பிழிந்த காயும், நீளவாக்கில் வெட்டிய வெள்ளரியும், பச்சை மிளகாயும், ஒரு கைப்பிடி கொத்துமல்லியும் தாராளமாக அடங்கின. கொத்துமல்லியை அலங்காரத்துக்குத் தூவாதீர்கள், கீரை போல வையுங்கள்.

அக்கா ஒன்று சாப்பிட்டுவிட்டு இரண்டாவதை ரொட்டி இல்லாமல் லெட்யூஸ் இலையில் சுற்றிக்கொண்டாள். நானும் சுற்றிப் பார்த்தேன். எனக்கு ரொட்டியின் மொறுமொறுப்பு வேண்டியிருக்கிறது.

செய்முறை எழுதியவரின் கடைசிப் பதிவு 2019இல் வந்தது. தளத்தில் மின்னஞ்சல் முகவரி இருந்ததால் நன்றி சொல்லி, காளான் சேர்த்ததையும் எழுதி அனுப்பினேன். அவருடைய ஓடையைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. ஊறிய காய் அரை ஜாடி மிச்சம் இருக்கிறது, புதன்கிழமை முட்டையோடு முயற்சி செய்யப்போகிறேன்.