18 வயதுக்குப் பின் ஆஸ்பத்திரி: மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே முடிக்க வேண்டியவை

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு டிஇஐசி என்ற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் கதவு 18 வயதோடு மூடிவிடும். பிசியோ, ஸ்பீச், பல், கண் எல்லாம் ஒரே இடத்தில் பார்த்த பிள்ளை, அதன்பின் பெரியவர்கள் ஓபியில் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசையில் நிற்க வேண்டும். பலருக்கு வைத்தியம் விட்டுப்போவது இங்கேதான். 17 வயதிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் ஆதார். 15 வயதில் கட்டாயமாகச் செய்ய வேண்டிய பயோமெட்ரிக் புதுப்பிப்பைப் பல வீடுகளில் விட்டிருப்பார்கள். பெயரின் எழுத்துகளும் இனிஷியலும் ஆதார், பிறப்புச் சான்று, யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். மனு திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழை 18 வயதில் புதுப்பிக்க வேண்டும். அப்போது தருவது ஆயுளுக்கும் செல்லும். ஐக்யூ சோதனைக்குத் தேதி கிடைப்பதுதான் இழுக்கும். அதை முன்பே கேட்டு வையுங்கள். மைனர் கணக்காக இருந்த வங்கிக் கணக்கும் அதே நேரத்தில் முடங்கும். உதவித்தொகை அதில்தான் வருகிறதென்றால், புதிய கேஒய்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது பாதுகாவலர் ஆணை. 18 ஆனதும் பெற்றோர் கையெழுத்துக்குத் தானாகச் சட்ட பலம் கிடையாது. ஆபரேஷன் ஒப்புதலில் கேள்வி எழும். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் படிவம் ஏ கொடுக்க வேண்டும். தாய், தந்தை இருவரும் கையெழுத்திடுங்கள். ஒருவர் இல்லையென்றால் இறப்புச் சான்று. உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்து வைப்பது நல்லது. ஆணை கிடைத்தபின் 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியல் தர வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மூளை முடக்குவாதம் இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்த ஆணையை வாங்கப் போகாதீர்கள். தானே முடிவெடுக்கக்கூடிய பிள்ளைக்குக் கைரேகை போதும். பேச்சு தெளிவாக இல்லாததை அறிவுக் குறைவாக எடுத்துக்கொள்ளும் ஆட்களுக்கு நாமே ஆதாரம் கொடுக்கக் கூடாது.

இவ்வளவு காகிதத்தையும்விட முக்கியமானது ஒரே பக்கச் சுருக்கம். பழைய டாக்டரிடமே எழுதி வாங்குங்கள்: எடை, மாத்திரை ஒவ்வொன்றும் எத்தனை மில்லிகிராம், கடைசி வலிப்பு எப்போது, ஒவ்வாமை, விழுங்கும் சிரமம், வலி வந்தால் பிள்ளை எப்படிக் காட்டும். கடைசி வரி இல்லாவிட்டால், பல்வலியில் தலையை முட்டிக்கொள்ளும் பையனுக்குத் தூக்க மருந்துதான் எழுதுவார்கள். ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஈறு தடிக்கும். மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டிய பல் வைத்தியத்தைக் குழந்தைகள் பிரிவிலேயே முடித்துவிடுங்கள். நடக்காத பிள்ளைக்கு இடுப்பு, முதுகெலும்பு எக்ஸ்ரே ஒருமுறை. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து எடுக்கும் பெண் பிள்ளை என்றால், கர்ப்பத்தில் அது கருவைப் பாதிக்கும் என்பதால் மாற்று மருந்து உண்டா என்று நரம்பியல் டாக்டரைக் கேளுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

முதலமைச்சர் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான். வாராவாரம் போகும் தெரபிக்கு தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீடு உதவும்: ஆண்டுக்கு 1 லட்சம் வரை, முன் பரிசோதனை கிடையாது. ஒவ்வொரு வகைச் செலவுக்கும் தனி வரம்பு உண்டு. ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு. பில்லோடு டாக்டர் சீட்டும் அசலாக, 30 நாளுக்குள் போக வேண்டும். தெரபி பில்லில் தேதிவாரியாக எழுதச் சொல்லுங்கள்; மாதத்துக்கு மொத்தமாக ஒரே தொகை போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.