ரோதை நின்றால் ரோதமுனி எங்கே போவார்?

இலங்கை மலையகத்தில், தேயிலை ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், பெரும்பாலும் ஒரு மரத்தடியில், சூலமோ வேலோ ஊன்றிய கல்லாக ரோதமுனி இருப்பார். ரோதை என்றால் சக்கரம். கொழுந்தை உருட்டும் மெசினையும் அதை இழுக்கும் பட்டியையும் சுழற்றுகிற சக்கரத்துக்கு அவர்தான் காவல். கை சிக்கக் கூடாது, பட்டி அறுந்து ஆள்மேல் விழக் கூடாது. அவரிடம் வைக்கிற வேண்டுதல் அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஊர் எல்லையில் நின்ற முனியாண்டி, கடல் தாண்டி மலையேறி வந்தபின் ஏற்றுக்கொண்ட புது வேலை இது. கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டி இறக்குவது. கவ்வாத்துச் சாமி, கொழுந்துச் சாமி என்று வேலையின் பெயரையே தாங்கிய சாமிகள் இன்னும் இங்கே உண்டு.

அதனால் "கடவுள் இருப்பதற்கு ஒரு நோக்கம் வேண்டுமா?" என்ற கேள்வி மலையகத்தில் ஏட்டோடு நிற்கிற கேள்வி அல்ல. ஸ்டோர் மூடப்பட்டு ரோதை நின்றுபோனால் ரோதமுனி எங்கே போவார்? வேலை போனால் சாமியும் போய்விடுமா?

போகாது என்பதுதான் என் பதில். ஆனால் அந்தப் பதிலுக்குச் சரியான வழியில் வந்து சேர வேண்டும். குறுக்குவழியில் வந்தவர்கள்தான் பிறகு தடுமாறுகிறார்கள்.

அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. கடவுள் *இருப்பதற்கு* நோக்கம் வேண்டுமா என்பது ஒன்று. கடவுள் *ஒன்றைச் செய்வதற்கு* நோக்கம் வேண்டுமா என்பது மற்றொன்று. இவற்றைப் பிரிக்காமல் பேசினால் எத்தனை மணி நேரம் பேசினாலும் கரை சேராது.

முதல் கேள்விக்கு ஒரு கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் வளைவு, கனம், கூர் எல்லாவற்றுக்கும் காரணம் வெட்டு. கத்தி உருவாகும் முன்பே அந்த வெட்டு கொல்லனின் மனதில் இருந்தது. ஒரு பொருள் இன்னதற்காக இருக்கிறது என்று சொன்னால், அந்தப் பொருளுக்கு முன்னால் யாரோ ஒருவர் இருந்து அதை நினைத்திருக்க வேண்டும். "ஆதியும் அந்தமும் இல்லா" என்று மார்கழி விடியலில் யாரைப் பாடுகிறோமோ, அவருக்கு முன்னால் அப்படி ஒருவர் இல்லை. இருந்தார் என்றால் அந்த ஆள்தான் கடவுள், நாம் கும்பிடுவது அவருடைய கருவி. கடவுளே தனக்கு ஒரு நோக்கத்தை வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். வைத்துக்கொள்ள அவர் முதலில் இருக்க வேண்டுமே. ஆகவே நோக்கம் அவருடைய செயலுக்குக் காரணமாகலாம். இருப்புக்குக் காரணமாக முடியாது.

இவ்வளவு எளிய விஷயம் நமக்கு ஏன் சட்டென்று பிடிபடுவதில்லை? தோட்டம் நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர். ஒரு மனுசியின் ஒரு முழு நாளைப் பாதிப் பெயராக எழுதிக்கொள்ளும் கணக்கு இது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பற்றிப் பேசியது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று. வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் இருப்பையே கணக்காகப் பார்த்த காலம். எதைப் பார்த்தாலும் "இது எதுக்கு?" என்று கேட்கும் பழக்கம் அந்தக் கணக்கிலிருந்து வந்தது. அதைச் சாமி வரைக்கும் கொண்டுபோகிறோம்.

தேயிலையே இதற்கு நல்ல மறுப்பு. இடுப்பளவு உயரத்தில் மேசைபோல் நிற்பது அதன் இயல்பு அல்ல. அது மரம். கவ்வாத்துப் படாமல் விட்டால் முப்பது அடி வரைகூட வளரும். மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளைப் பூ பூக்கும், காய்க்கும். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட நாளிலிருந்து அதை நிரையாக நிறுத்தி வைத்திருப்பது நம் கை. கைவிட்ட மலையைப் பார்த்தால் தெரியும். கொழுந்து எடுக்க ஆளில்லை, பயன் நின்றுவிட்டது. ஆனால் செடி நிற்கவில்லை, அது பாட்டுக்கு மரமாகிக்கொண்டிருக்கிறது. ஒரு செடிக்கே பயன் வேறு, இருப்பு வேறு.

இனி இரண்டாவது கேள்வி. இதுதான் கடினமானது.

ஒன்று வேண்டும் என்பவர்தான் ஒன்றைச் செய்வார். கடவுளோ "வேண்டுதல் வேண்டாமை இலான்" என்கிறது குறள். அப்படியானால் ஏன் உலகம்? வேதாந்தத்தின் மூல நூலான பிரம்ம சூத்திரம் இந்த ஆட்சேபத்தை மறைக்காமல் வைக்கிறது. இரண்டாம் அத்தியாயம் முதல் பாதத்தின் 32ஆவது சூத்திரம் கேள்வி, 33ஆவது பதில்: உலகத்தில் காண்பதுபோல இது வெறும் லீலை, விளையாட்டு. சங்கரர் இதற்கு இரண்டு உவமை தருகிறார். குறை ஒன்றும் இல்லாத அரசன் விளையாடுவது ஒன்று. எந்த நோக்கமும் வைக்காமல் இயல்பாகவே மூச்சு உள்ளே போய் வெளியே வருவது மற்றது.

மூச்சு உவமை எனக்குப் பிடிக்கும். அரசன் உவமை நம் மலையில் எடுபடாது. மழையில் படங்கைச் சுற்றிக்கொண்டு, அட்டை கடிக்கக் கடிக்க நிரை பிடித்துப் போகிறவளிடம் "இது ஒரு ராஜாவின் விளையாட்டு" என்று சொல்லிப் பாருங்கள். அவள் கேட்கும் கேள்விக்கு அந்த உவமையில் பதில் இல்லை.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில்தான் ஓர் அடி முன்னே வைக்கிறது. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் இதே கேள்வியை எடுக்கிறார்: இந்தத் தொழில்களுக்கு என்ன காரணம்? "முன்னவன் விளையாட்டு என்று மொழிதலும் ஆம்" என்று தொடங்குகிறார். அப்படியும் சொல்லலாம் என்பதுதான் அந்த 'உம்'. உடனே விஷயத்துக்கு வருகிறார். உயிர்களுக்குப் போகமும் முத்தியும் கொடுப்பதற்கும், அவற்றைச் சூழ்ந்த மலத்தை, அதாவது உயிரைக் கட்டும் அழுக்கை, துடைப்பதற்கும் என்கிறார். நோக்கம் உண்டு, ஆனால் பலனை அடைகிறவன் செய்கிறவன் அல்ல. நமக்கு வேண்டியதற்காக அவன் செய்கிறான். அவனுக்குக் குறை இருந்தால்தான் செய்ய வேண்டும் என்ற ஆட்சேபம் இங்கே அடிபட்டுப் போகிறது.

அடுத்த பாட்டில் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலையும் ஒவ்வொன்றாக எடுத்து இன்னதற்காக என்கிறார். அதில் "அழிப்பு இளைப்பாற்றல்" என்று வருகிறது. அழிப்பது ஓய்வு கொடுப்பதற்கு. இதைப் புரிந்துகொள்ள மலையகத்துக்காரருக்கு உரையாசிரியர் தேவையில்லை, கவ்வாத்து மலையைக் காட்டினால் போதும். உயர்நிலத்தில் நாலு, ஐந்து வருசத்துக்கு ஒரு தரம் செடியைச் சுமார் இரண்டடிக்கு இறக்கி வெட்டுகிறார்கள். இலை ஒன்றும் மிஞ்சாது, எலும்புக்கூடுபோல் நிற்கும். தெரியாதவர் பார்த்தால் கொன்றுவிட்டார்கள் என்பார். ஆனால் வெட்டுவதற்கு முன் சில வாரம் கொழுந்து பறிக்காமல் விட்டு, வேரில் மாச்சத்து சேர இடம் கொடுத்திருப்பார்கள். பென்சில் பருமன் வேரைக் குறுக்கே வெட்டி அயடின் கரைசல் தடவினால் கருநீலமாக மாற வேண்டும். மாறாத செடியை வெட்டினால் துளிர்க்க வலுவில்லாமல் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வரும். வறட்சியில் வெட்டினாலும் அதே கதிதான். மொட்டைக் கத்தியால் வெட்டினால் பட்டை கிழிந்து, மழைத் தண்ணீர் இறங்கி, தண்டு உளுத்துப்போகும். வெட்டு ஒரே வீச்சில், சரிவாக விழ வேண்டும்.

வெட்டி முடிந்ததும் அதே கிளைகளை எடுத்து மொட்டைச் செடியின் தலைமேல் பரப்புவார்கள். வெயில் சுட்டுப் பட்டை வெடிக்காமல் இருக்க அந்த மூடல். கீழே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஐந்தொழிலில் மறைத்தலை ஏன் அருள் என்று சொல்கிறார்கள் என்பதை விளக்க இதைவிட நல்ல காட்சியை நான் இன்னும் காணவில்லை. "பார்த்திடின் அருளே எல்லாம்" என்று அந்தப் பாட்டு முடிகிறது.

இந்த உவமையை ஓர் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது. கவ்வாத்து செடிக்காகச் செய்வதல்ல, கொழுந்துக்காகச் செய்வது. வெட்டச் சொல்கிற தோட்டத் துரைக்கு அந்தச் செடியிலிருந்து ஒன்று வேண்டியிருக்கிறது. சித்தாந்தம் சொல்கிற இறைவனுக்கு அது வேண்டாம். ஒரு இலைகூட எடுத்துக்கொள்ளாமல், செடி செடியாகத் தழைக்க வேண்டும் என்பதற்காகவே கத்தி எடுக்கிற ஒருவனை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒருவனை நாம் எந்தத் தோட்டத்திலும் கண்டதில்லை. அதனால்தான் இது நமக்குக் கடினமாக இருக்கிறது.

அந்த மலம் எங்கிருந்து வந்தது, அதையும் அவன்தானே வைத்தான் என்று கேட்பீர்கள். வைக்கவில்லை என்கிறது சித்தாந்தம். செம்பில் களிம்புபோல அது உயிரோடு தொடக்கமில்லாமலே இருக்கிறது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் அநாதி. இதை ஏற்பதற்கு ஒரு விலை உண்டு. கடவுளைத் தவிர வேறொன்றும் ஆதியில் இல்லை என்று சொல்ல முடியாமல் போகும். ஆனால் அப்படிச் சொல்கிறவர்களும் ஒரு விலை கொடுக்கிறார்கள். நிறைவாக, தனியாக இருந்தவர் எதற்காகத் தொடங்கினார் என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு முதல் விலைதான் கட்டுப்படியாகிறது.

சித்தாந்தத்தின் முதன்மை நூலான சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் காந்தத்தின் முன் இரும்பு என்ற உவமை வரும். காந்தம் அசைவதில்லை, இரும்பு அசைகிறது. செயலுக்கு விருப்பமோ உழைப்போ தேவையில்லை என்பதற்கு அது நல்ல உவமை. அதோடு நிறுத்திவிட்டால் கடவுள் கருணையில்லாத கல்லாகிவிடுவார். காந்தத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வருகிற பிள்ளைகள் தவறுவது இங்கேதான்.

சிவனொளிபாதமலையில் நாலு மதத்தவரும் ஒரே படியில் ஏறுகிறோம். இந்தக் கேள்வியிலும் அப்படித்தான். குர்ஆனின் 51ஆவது அத்தியாயத்தில், ஜின்களையும் மனிதரையும் என்னை வணங்குவதற்காகவே படைத்தேன் என்ற வசனத்துக்கு அடுத்ததே, அவர்களிடம் நான் எந்த உணவையும் வேண்டவில்லை என்கிறது. கத்தோலிக்கப் போதனை, தன் மகிமையைக் கூட்டிக்கொள்ள அல்ல, அதைப் பகிர்ந்துகொள்ளவே கடவுள் படைத்தார் என்கிறது. பௌத்தம் மட்டும் வேறு திசையில் போகிறது. புத்தரின் உரைகளைத் தொகுத்த தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரம்மஜால சூத்திரத்தில் ஒரு பிரம்மா வெறும் மாளிகையில் நெடுங்காலம் தனியாக இருந்து, யாராவது வரமாட்டார்களா என்று ஏங்குகிறார். வேறு உயிர்கள் தங்கள் புண்ணியம் தீர்ந்து தாமாகவே அங்கே வந்து பிறக்கின்றன. நான் நினைத்தேன், வந்தார்கள், ஆகவே நானே படைத்தேன் என்று அவர் எண்ணிவிடுகிறார். தேவை உள்ள கடவுள் எப்படி இருப்பார் என்பதற்கு அவர்கள் வரைந்த படம் அது. ஏங்குகிறவர் படைப்பவராக இருக்க முடியாது என்ற இடத்தில் சித்தாந்திக்கும் அதில் சண்டையில்லை.

அறநெறிப் பாடசாலையில் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "சாமி எதுக்கு இருக்கிறார்?" என்று பிள்ளை கேட்டால் "நமக்கு உதவி செய்யத்தான்" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். பரீட்சையில் தவறினால், அப்பாவுக்குச் சுகமாகவில்லை என்றால், உதவவில்லை, ஆகவே இல்லை என்று அந்தப் பிள்ளை கணக்கை முடித்துவிடும். இருப்பை உதவியோடு கட்டிக் கொடுத்தது நாம்தான். கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: "உன் அம்மா எதுக்கு இருக்கிறாங்க?" சோறு ஆக்க என்று முதலில் சொல்லும். சோறு ஆக்க முடியாத நாளில் அவர் அம்மா இல்லையா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு பிள்ளையே யோசிக்கும். செயலுக்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தை எட்டு வயதிலேயே பிடித்துக்கொள்ள முடியும்.

இனி ரோதமுனிக்கு வருவோம். இறைவன் எடுக்கும் வடிவம் வினையால் வந்த உடம்பு அல்ல, அருளால் எடுத்தது என்பது சித்தாந்தம். கை நசுங்கும் அபாயம் எங்கே இருந்ததோ அங்கே காவல் தேவைப்பட்டது. அந்த வடிவத்துக்கு நோக்கம் உண்டு, எடுத்தவனுக்கு இல்லை. சக்கரம் நின்றால் முடிவது அந்த வேலை மட்டும். கிராமத்து எல்லையை விட்டு ஸ்டோர் வாசலுக்கு வந்தவர் இன்னொரு பெயரிலும் இருப்பார். ஒரு நாமமும் ஓர் உருவமும் இல்லாதவனுக்கு ஆயிரம் திருநாமம் பாடித் தெள்ளேணம் கொட்டச் சொல்கிறது திருவாசகம். ரோதமுனி என்ற பேரையும் அந்த ஆயிரத்தில் சேர்த்துக்கொள்கிறேன். அதில் அரைப்பேர் கிடையாது.

மூடிய ஸ்டோருக்குப் பக்கத்தில் நிற்கிற கல்லை எடுத்துக் கோவிலுக்குள் கொண்டுபோய் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கிற இடத்திலேயே விடுங்கள். சுற்றி முளைத்த புல்லைச் செருக்கி, கல்லைக் கழுவி, சூலத்தின் துருவைத் தேய்த்து எண்ணெய் பூசுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு. மெசின் ஓடிய காலத்தில் வேண்டுதலோடு ஏற்றிய விளக்கை இப்போது வேண்டுதல் இல்லாமல் ஏற்றலாம்.