நான்காவது டயர் வரை தாங்கும் கம்ப்ரஸர்: குறைந்த செலவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

மணலிலும் கற்பாதையிலும் இறங்குவதற்கு முன் டயரின் காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்ததே. 35 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) உள்ள டயரை 18 வரை இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் கூடி, வண்டியின் எடை பரவி, சக்கரம் மணலைத் தோண்டாமல் அதன்மேல் ஏறிச் செல்கிறது. காற்றை இறக்குவது எளிது. வால்வு ஊசியை அழுத்தினால் போதும். ஆனால் அதே 18 பி.எஸ்.ஐ.யோடு தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்ந்து சூடேறி, டயர் உள்ளிருந்தே சிதையத் தொடங்கும். எனவே பாதை முடியும் இடத்திலேயே காற்றை மீண்டும் ஏற்றியாக வேண்டும். அதற்கான கம்ப்ரஸர், அதாவது காற்றடிக்கும் இயந்திரம், ஒன்றைக் குறைந்த செலவில் தேட முற்பட்டு, ஒரு முறை தவறாக வாங்கி, பிறகு கணக்குப் போட்டு வேறொன்றை வாங்கிச் சோதித்த விவரங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வாங்கியது, வண்டிக்குள் இருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறிய இயந்திரம். அதிகபட்ச அழுத்தம் 150 பி.எஸ்.ஐ., நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருந்தது. என் வண்டியின் டயர் 265/70 ஆர் 17. முதல் டயரை 18இலிருந்து 35க்கு ஏற்ற 7 நிமிடம் 10 விநாடி பிடித்தது. இரண்டாவதற்கு 8 நிமிடத்துக்கும் மேல் ஆயிற்று. மூன்றாவது டயரின் பாதியில் இயந்திரம் தானாக நின்றுவிட்டது. கையை வைக்க முடியாத அளவுக்குச் சிலிண்டர் தலை கொதித்துக்கொண்டிருந்தது. வெப்பக் காப்பு சுவிட்ச் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று புரிந்தது. ஆறும்வரை காத்திருந்து, மீண்டும் ஓட்டி, நான்கு டயரையும் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கார் டயரில் குறைந்துபோன நாலைந்து பி.எஸ்.ஐ.யை நிரப்புவதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரத்திடம் நான் கேட்டது அதன் சக்திக்கு மீறிய வேலை. குறை என் தேர்வில்தான் இருந்தது.

அடுத்ததை வாங்குவதற்கு முன்பு, எனக்கு உண்மையில் எவ்வளவு காற்று தேவை என்பதைக் கணக்கிட்டேன். அந்த டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர், ரிம்மின் விட்டம் 43 சென்டிமீட்டர். ரப்பரின் தடிமனையும் உட்புற வளைவையும் கழித்தால், உள்ளே சுமார் 70 லிட்டர் இடம் இருக்கிறது. 18இலிருந்து 35 என்பது 17 பி.எஸ்.ஐ. உயர்வு. வெளிக்காற்றின் அழுத்தமே 14.7 பி.எஸ்.ஐ. என்பதால், 17ஐ 14.7ஆல் வகுத்து 70ஆல் பெருக்கினால், ஒரு டயருக்கு வெளியிலிருந்து உறிஞ்ச வேண்டிய காற்று ஏறக்குறைய 81 லிட்டர். நான்குக்கும் சேர்த்து 324 லிட்டர். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பழைய இயந்திரத்தை மதிப்பிட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது: 81 லிட்டரை 7 நிமிடத்துக்கு மேல் எடுத்து ஏற்றியிருக்கிறது என்றால், அது கொடுத்தது நிமிடத்துக்கு 11 லிட்டர் மட்டுமே.

பெட்டியில் அச்சிட்ட 35 லிட்டர் பொய்யென்று சொல்ல மாட்டேன். அது குழாயின் முனை எதிலும் பொருந்தாமல், எதிரழுத்தம் இல்லாமல் ஓடும்போது வரும் அளவு. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற, பிஸ்டன் மேலேறும் தூரத்தின் பெரும்பகுதி உள்ளிருக்கும் காற்றை அந்த அழுத்தத்துக்கு நெருக்குவதிலேயே செலவாகி, வெளியே தள்ளப்படும் அளவு குறைந்துவிடுகிறது. ஆகவே அழுத்தத்தைக் குறிப்பிடாமல் எழுதப்பட்ட லிட்டர் அளவை வைத்து இரண்டு கம்ப்ரஸர்களை ஒப்பிடக் கூடாது. 30 பி.எஸ்.ஐ.யில் எத்தனை லிட்டர் என்று கொடுத்திருந்தால் அதை நம்பலாம். கொடுக்காவிட்டால், நம் டயர் அளவில் எத்தனை நிமிடம் ஆனது என்று பயன்படுத்தியவர்கள் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். கன அடிக் கணக்கில் எழுதியிருந்தால் 28.3ஆல் பெருக்கிக்கொள்ளலாம். 150 பி.எஸ்.ஐ. என்ற அதிகபட்ச அழுத்தம் இந்த வேலைக்கு எவ்வகையிலும் உதவாத எண். நமக்குத் தேவை 40க்கும் கீழே.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது மின்சாரம். லைட்டர் சாக்கெட்டின் பியூஸ் பொதுவாக 10 முதல் 15 ஆம்பியர் வரைதான். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட். அந்த வழியாக இதற்கு மேல் சக்தி கிடைக்காது என்பதால், சாக்கெட்டில் செருகும் எந்த இயந்திரமும் பெரிய டயருக்கு மெதுவாகத்தான் இருக்கும். விலையைக் கூட்டினாலும் அந்த எல்லை மாறாது. பேட்டரி முனைகளில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகைதான் வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு, பட்டியலில் இருந்த பாதிக்கு மேற்பட்டவை தாமாகவே விலகின. உள்ளேயே லித்தியம் பேட்டரி உள்ள சிறிய வகைகளையும் இதே கணக்கில் ஒதுக்கினேன். வழியில் ஒரு டயரைச் சரிசெய்ய அவை நல்லவை. நான்கு டயருக்குத் தொடர்ந்து 324 லிட்டர் தள்ளுவது அவற்றின் வேலையன்று.

இறுதியில் எடுத்தது, ஒற்றைச் சிலிண்டர் கொண்ட, எண்ணெய் தேவைப்படாத, 30 ஆம்பியர் பியூஸ் பொருத்தப்பட்ட இயந்திரம். அச்சிட்ட அளவு நிமிடத்துக்கு 72 லிட்டர். இரட்டைச் சிலிண்டர் வகை இதைவிட வேகமானது, ஆனால் விலை என் எல்லையைத் தாண்டியது. இயந்திரத்தோடு கூடவே தரும் விளக்கு, பை, பந்துக்கான ஊசிகள் ஆகியவற்றை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

என்ஜினை ஓடவிட்டு, பேட்டரியில் கிளிப் மாட்டி, அதே 18இலிருந்து 35க்கு ஏற்றியபோது முதல் டயர் 2 நிமிடம் 50 விநாடியில் முடிந்தது. நான்காவது டயர் 3 நிமிடம் 15 விநாடி. மொத்தத்தில் இயந்திரம் ஓடியது சுமார் 12 நிமிடம். அதாவது உண்மையில் கிடைத்தது நிமிடத்துக்கு 25 முதல் 29 லிட்டர் வரை. அடுத்த வாரம் என்ஜினை நிறுத்திவிட்டுச் சோதித்தேன். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டி இருந்தது. நிறுத்தியபின் கம்ப்ரஸர் இழுக்கும்போது 12க்கும் கீழே இறங்கியது. நேரம் 3 நிமிடம் 25 விநாடியாகக் கூடியது. வேகம் குறைவதோடு, வெட்டவெளியில் பேட்டரியை இறக்கி வைத்துக்கொள்ளும் ஆபத்தும் இருப்பதால், என்ஜினை ஓடவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அழுத்தமானிதான். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது முள் 38ஐக் காட்டியது. சுவிட்சை அணைத்தவுடன் 34க்கு இறங்கியது. தனியாக வைத்திருக்கும் டிஜிட்டல் கேஜில் அளந்தால் 33.5. ஓடும்போது காட்டுவது டயரின் அழுத்தம் அன்று. குறுகிய குழாயின் வழியே காற்றைத் தள்ளுவதற்குத் தேவைப்படும் கூடுதல் அழுத்தமும் அதில் சேர்ந்திருக்கிறது. எனவே அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், அதையும் வேறொரு கேஜால் சரிபார்க்க வேண்டும். 150 வரை கோடு போட்ட முள் கேஜில் 18க்கும் 20க்கும் இடையே ஒரு மயிரிழை வித்தியாசம்தான் தெரியும். காற்றை இறக்கும்போது இந்த இரண்டு பி.எஸ்.ஐ. முக்கியமானது, மிகவும் குறைத்துவிட்டால், திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அப்படிக் கழன்ற டயரை இவ்வளவு சிறிய கம்ப்ரஸரால் திரும்ப உட்கார வைப்பது கடினம். விளிம்பு ரிம்மில் ஒட்டுவதற்குக் காற்று ஒரே மூச்சில் பெருமளவில் பாய வேண்டும். சேமிப்புத் தொட்டி இல்லாத இயந்திரத்தால் அப்படிப் பாய்ச்ச முடியாது. ஆகையால் குறைந்த செலவில் வாங்குகிறவர்கள், மிச்சமான பணத்தில் 60 பி.எஸ்.ஐ.க்குள் அளக்கும் நல்ல கேஜ் ஒன்றையாவது கட்டாயம் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டயர் சூடாக இருக்கும்போது அளந்தால் கணக்கு மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெப்பநிலை ஏறத்தாழ 5.5 பாகை செல்சியஸ் கூடினால் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. கூடும். பாதையிலிருந்து வந்த சூட்டோடு 35 வைத்தால், மறுநாள் காலையில் 32 இருக்கலாம். நான் இப்போது 37 வரை ஏற்றிவிட்டு, குளிர்ந்த பிறகு சரிசெய்கிறேன்.

வாங்கிய பின் மூன்று மாற்றங்கள் செய்தேன். கிளிப்புகளில் கம்பி வெறுமனே நசுக்கிப் பொருத்தப்பட்டிருந்ததால், 12 நிமிட ஓட்டத்தில் அந்த இடம் சூடேறியது. பற்றவைத்து இறுக்கிய பிறகு சூடு நின்றது. பியூஸ் இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தது. கம்பி நடுவில் உரசிப் பழுதானால் அதற்கு முன்னே காவல் எதுவும் இல்லை என்பதால், பேட்டரிக்கு அருகில் மாற்றி வைத்தேன். வால்வில் திருகிப் பொருத்தும் முனையை எடுத்துவிட்டு, அழுத்திப் பிடிக்கும் முனையைப் போட்டேன். திருகும் வகையில், கழற்றி முடிப்பதற்குள் ஒரு பி.எஸ்.ஐ. வரை வெளியேறிவிடுகிறது, பித்தளை முனையும் கையைச் சுடுகிறது.

எட்டாவது பயணத்தில் நான்காவது டயருக்கான நேரம் 3 நிமிடம் 40 விநாடியாகக் கூடியிருந்தது. பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டதோ என்று கவலைப்பட்டேன். காற்று உள்ளே போகும் மூடியைத் திறந்தால், பஞ்சு வடிகட்டி முழுவதும் நுண்மணல். கழுவி, நன்றாகக் காயவைத்துப் போட்டதும் பழைய 3 நிமிடம் 15 விநாடி திரும்பியது. அதன்பின் இயந்திரத்தைத் தரையில் வைக்காமல் ரப்பர் விரிப்பின்மேல் வைக்கிறேன்.

அடுத்து, இரண்டு டயர்களை ஒரே நேரத்தில் இணைக்கும் கிளைக்குழாய் ஒன்றைச் செய்யப் பொருள்கள் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு டயருக்கும் சேர்த்து ஏற்ற வேண்டிய காற்று அதே 162 லிட்டர்தான் என்பதால், இயந்திரம் ஓடும் நேரம் இதனால் குறையாது. ஆனால் ஓர் அச்சின் இரண்டு டயர்களும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அழுத்தம் தானாகவே சமமாகும். நான்கு முறை குனிந்து மாட்டுவது இரண்டு முறையாகக் குறையும். நீளமான குழாயால் நேரம் எவ்வளவு கூடுகிறது என்பதை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.