30-க்கு 26

பிசியோவா வேலைக்கு சேர்ந்த புதுசுல எனக்கு டிகிரி தான் எல்லாமே. முட்டி எத்தனை டிகிரி மடங்குதுன்னு அளந்து கேஸ் ஷீட்ல எழுதிட்டா அன்னிக்கு வேலை முடிஞ்சுது.

எங்க வார்டுல ஆஸ்டியோசர்கோமா, அதாவது ஒரு வகை எலும்பு கேன்சர், வந்து படுத்திருக்கறது பெரும்பாலும் வளர்ற வயசுப் பசங்க தான். தொடை எலும்போட கீழ் நுனி, இல்லன்னா முட்டிக்கு கீழ இருக்கற எலும்போட மேல் நுனி, எலும்பு வேகமா வளர்ற இடத்துல தான் அது அதிகமா வரும். விளையாடும்போது அடிபட்டிருக்கும்னு தைலம் தடவியே பல நாள் ஓட்டியிருப்பாங்க. அப்புறம் கீமோ, ஆபரேஷன், திரும்ப கீமோ. முன்னாடி மாதிரி உடனே காலை எடுக்கறது குறைஞ்சு போச்சு, கெட்ட எலும்ப எடுத்துட்டு உள்ள உலோக மூட்டு வெச்சுடறாங்க.

அதுக்கப்புறம் ஸ்கோர் போடுவோம். வலி, வேலை செய்யற திறன், மனசு ஏத்துக்கிச்சா, தடி வேணுமா, எவ்ளோ தூரம் நடக்கறாங்க, நடை எப்படி, ஒவ்வொன்னுக்கும் 5, மொத்தம் 30. 1993-ல வந்த ஃபார்ம்.

ஒரு பையனுக்கு 26 வந்துச்சு, எனக்கு ஒரே பெருமை. காலேஜ் எப்படிடா போகுதுன்னா தரைய பாக்கறான். பஸ் ஏற கஷ்டம்னு அம்மா தான் பதில் சொன்னாங்க. அவங்க பில் கட்ட போன கேப்ல மெதுவா சொல்றான், "அக்கா, அங்க எல்லாம் இண்டியன் டாய்லெட் தான்க்கா." அந்த மூட்டுல குத்த வெச்சு உக்கார முடியாது, உக்காரவும் கூடாது, நாங்களே தான் சொல்லி அனுப்பினோம். ரெண்டு வாரம் காலைல சாப்பிடாம தண்ணி குடிக்காம போய் பாத்திருக்கான், அப்புறம் நின்னுட்டான். 26-க்குள்ள இது எங்கயும் இல்ல.

அதே சமயம் வந்த ஒரு பொண்ணுக்கு தொடையோட கால் எடுத்தாச்சு, ஸ்கோர் 19 தான். அவ கவலையெல்லாம் கீமோல கொட்டின முடி மேல, காலப் பத்தி பேசவே மாட்டா. முடி கொஞ்சம் வளர்ந்ததும் செயற்கைக் கால மாட்டிக்கிட்டு, பக்கத்துல சக்கரம் வெச்ச ஸ்கூட்டில தையல் கிளாஸுக்கு கிளம்பிட்டா. காலை காப்பாத்துனவங்களுக்கும் எடுத்தவங்களுக்கும் வாழ்க்கைத் தரத்துல பெரிய வித்தியாசம் இல்லன்னு பல ஆய்வுல வந்திருக்கு, படிச்சப்போ நான் நம்பல.

இன்னொருத்தன் கூப்பிட்டா திரும்ப மாட்டான், வயசுத் திமிருன்னு வீட்ல திட்டு. டெஸ்ட் பண்ணா கீச்சுன்னு வர்ற சத்தமெல்லாம் அவனுக்கு கேக்கவே இல்ல, சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்து பண்ற வேலை. நானும் தான் அவனை திட்டியிருக்கேன், அது இன்னும் உறுத்துது.

காலேஜ் பையனுக்கு லெட்டர் எழுதிக் கொடுத்தோம், ஸ்டாஃப் ரூம் வெஸ்டர்ன் டாய்லெட் சாவி கிடைச்சுது. ஒரு சாவிக்காக ஒரு செமஸ்டர் போச்சு.

இப்போ ஃபார்ம் பின்பக்கம் பென்சில்ல எழுதிக்கறேன், டாய்லெட் எப்படி, கல்யாண வீட்ல தரையில பந்தி போட்டா என்ன பண்ற, ஃப்ரெண்ட்ஸ் கடைசியா எப்போ வந்தாங்க. இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்த இடமில்லன்னு எங்க சீனியர் சொல்லிட்டாங்க, பரவால்ல. அம்மாவ மருந்து வாங்க அனுப்பிட்டு தான் கேக்கறேன்.